மனச்சோர்வுக்கு மாத்திரை எடுத்தால் விசுவாசம் இல்லை என்று அர்த்தமா?

திருமங்கலத்தில் இருந்து ஒரு சகோதரி கேட்டிருப்பது சுருக்கமாக இதுதான். தனியார் பள்ளியில் டீச்சர். இரண்டாவது குழந்தை பிறந்து சில மாதங்களில் ஆரம்பித்த பயமும் மனச்சோர்வும் இன்னும் முழுசாகப் போகவில்லை. இரவில் தூக்கம் இல்லை, காலையில் எழுந்திருக்கவே தெம்பில்லை, காரணமே இல்லாமல் நெஞ்சு படபடவென்று அடிக்கிறது. மதுரையில் ஒரு மனநல மருத்துவரைப் பார்த்து எஸ்ஸிடாலோபிராம் மாத்திரை ஆரம்பித்து இரண்டு மாதம் ஆகிறது, இப்போது கொஞ்சம் தேவலை. ஆனால் ஜெபக்குழுவில் ஒருவர், "மாத்திரையை நம்புகிறவள் கர்த்தரை நம்பவில்லை, உபவாசம் இருந்து ஜெபி, கட்டு அறுந்துவிடும்" என்று சொல்லிவிட்டார். மாத்திரையை நிறுத்திவிடலாமா, என் விசுவாசம் பொய்யா, விசுவாசத்தில் பலம் கிடைக்கும் என்கிறார்களே, எனக்கு ஏன் கிடைக்கவில்லை என்று கேட்கிறார்.

நான் மனநலப் பிரிவில் நர்ஸாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள், சி.எஸ்.ஐ. சபையில் பிறந்து வளர்ந்தவள். அதனால் இரண்டு பக்கத்துப் பேச்சும் எனக்குப் பழக்கம்.

முதலில் அவசரமான விஷயம். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள் தங்கச்சி. உபவாசக் கூட்டம் முடிந்த கையோடு நிறுத்துவது, சாட்சி சொல்வதற்காக நிறுத்துவது, எதுவும் வேண்டாம். இந்த வகை மாத்திரை முழுசாக வேலை செய்ய நான்கிலிருந்து ஆறு வாரம், சிலருக்கு அதற்கு மேலேயும் ஆகும். உங்களுக்கு இப்போதுதான் பலன் தெரிய ஆரம்பித்திருக்கிறது. திடீரென்று விட்டால் தலைசுற்றல், எரிச்சல், கெட்ட கனவு, தலைக்குள் மின்சாரம் சுரீர் என்று பாய்கிற மாதிரி ஒரு உணர்வு எல்லாம் வரலாம். அது வந்ததும், "மாத்திரைக்கு அடிமையாகிவிட்டேன்" என்று பயந்துபோகிறவர்கள் உண்டு, "பார், சத்துரு திரும்ப வந்துவிட்டான்" என்று பக்கத்தில் இருப்பவர்கள் சொல்வதும் உண்டு. இரண்டுமே தவறு, உடம்பு அந்த மருந்து இல்லாமல் சமாளிக்கப் பழகும்வரை வருகிற தொந்தரவு அது. அதனால்தான் டாக்டர்கள் அளவைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்துவார்கள், அதுவும் நன்றாக ஆனபிறகு குறைந்தது ஆறு மாதமாவது தொடர்ந்து எடுத்த பிறகு. சீக்கிரம் நிறுத்தினால் நோய் திரும்ப வரும் வாய்ப்பு அதிகம். பழக்கமாகிவிடக்கூடிய மாத்திரை வேறு வகை. அல்பிரசோலம், குளோனசெபாம் மாதிரி, பதற்றத்துக்கும் தூக்கத்துக்கும் கொஞ்ச நாளைக்கு மட்டும் எழுதித் தருவார்கள். உங்கள் சீட்டில் அதுவும் இருந்தால் எத்தனை நாளைக்கு என்று கேட்டுக்கொள்ளுங்கள். பழைய சீட்டைக் காட்டி மெடிக்கலில் வாங்கிக்கொண்டே போகவும் கூடாது, நீங்களாகச் சட்டென்று நிறுத்தவும் கூடாது.

இன்னொன்றையும் இங்கேயே கேட்டுவிடுகிறேன், நீங்கள் எழுதவில்லை என்றாலும். "நான் இல்லாமல் போனால் எல்லோருக்கும் நல்லது" என்ற நினைப்பு வருகிறதா? வந்தால் வெட்கப்படாதீர்கள், அது நோயின் அறிகுறி, டாக்டரிடம் அப்படியே சொல்ல வேண்டிய ஒன்று. அந்த நினைப்பு பலமாக வருகிற ராத்திரியில் தனியாக உட்கார்ந்து ஜெபித்துச் சமாளிக்கப் பார்க்காதீர்கள், வீட்டுக்காரரை எழுப்புங்கள். 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் இருக்கிறது, 2022 அக்டோபரில் ஆரம்பித்த அரசு சேவை, 24 மணி நேரமும் தமிழில் பேசலாம், காசு கிடையாது. அரசின் 104 மருத்துவ உதவி எண்ணும் உண்டு. பெரியாஸ்பத்திரி அவசரப் பிரிவு எந்நேரமும் திறந்திருக்கும். போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று குடும்பங்கள் பயந்து மூடி மறைக்கிற வழக்கம் நம் பக்கம் இன்னும் இருக்கிறது. 2017-ல் வந்த மனநலச் சட்டம், உயிரை விட முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவர் என்றே எடுத்துக்கொள்ளச் சொல்கிறது, தண்டிக்க அல்ல, சிகிச்சை கொடுக்கத்தான் அரசுக்குக் கடமை என்கிறது.

சரி, இனி விசுவாசத்துக்கு வருவோம்.

உங்களிடம் "விசுவாசம் இல்லை" என்று சொன்னவருக்கு 1 இராஜாக்கள் 18-ம் அதிகாரம் நன்றாகத் தெரிந்திருக்கும். கர்மேல் மலையில் எலியா தீர்க்கதரிசி ஜெபித்து வானத்தில் இருந்து அக்கினி இறங்கியது, எழுப்புதல் கூட்டங்களில் அடிக்கடி கேட்கிற பிரசங்கம். அடுத்த அதிகாரத்தை யாரும் அவ்வளவாகத் தொடுவதில்லை. யேசபேல் ராணி ஒரு ஆளை அனுப்பி மிரட்டுகிறாள், அதே எலியா உயிருக்குப் பயந்து ஓடுகிறார், வேலைக்காரனையும் வழியில் விட்டுவிட்டுத் தனியாக வனாந்தரத்துக்குள் போய் ஒரு சூரைச்செடியின் கீழே உட்கார்ந்து, "போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்" என்று கேட்கிறார். நேற்று அக்கினியை இறக்கியவர். விசுவாசம் இருந்தால் மனம் உடையாது என்பவர்கள் இந்த இடத்தை எப்படி வாசிக்கிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை.

அப்போது தேவன் என்ன செய்தார் என்று நிதானமாகப் பாருங்கள். முதலில் எலியா தூங்குகிறார், தேவன் தூங்கவிடுகிறார். தேவதூதன் வந்து தட்டி எழுப்பிச் சொன்னது, "எழுந்திருந்து போஜனம்பண்ணு." தழலில் சுட்ட அடை, ஒரு பாத்திரத்தில் தண்ணீர். சாப்பிட்டுவிட்டு எலியா மறுபடியும் படுத்துவிடுகிறார், அதற்கும் திட்டு இல்லை. இரண்டாவது தடவை எழுப்பும்போதும் சாப்பாடுதான், கூடவே ஒரு காரணமும் சொல்லப்படுகிறது, நீ போகவேண்டிய பயணம் வெகுதூரம் என்று. மனம் நொறுங்கிக் கிடந்த ஆளுக்குத் தேவன் முதலில் உபவாசம் சொல்லவில்லை, சோறு போட்டார். அப்புறம் நாற்பது நாள் நடக்கிறார், ஓரேப் மலைக்கு. அங்கே, "எலியாவே, இங்கே உனக்கு என்ன காரியம்" என்று கேள்வி வருகிறது, அவர் தன் மனக்குறையைக் கொட்டுகிறார். காற்று, பூமி அதிர்ச்சி, அக்கினி எல்லாம் கடந்துபோய் அந்த அமர்ந்த மெல்லிய சத்தம் வந்தபிறகு அதே கேள்வி மறுபடியும், எலியாவும் அதே புலம்பலை வார்த்தை மாறாமல் மறுபடியும் சொல்கிறார், தேவன் முழுசாகக் கேட்கிறார். கடைசியில் "நான் ஒருவன்தான் மீதி" என்ற அவருடைய எண்ணத்தைத் திருத்துகிறார், ஏழாயிரம் பேர் இருக்கிறார்கள் என்று. கூட வேலை செய்ய எலிசாவையும் காட்டுகிறார்.

தூக்கம், சாப்பாடு, நடை, மனம் விட்டுப் பேச ஒரு ஆள், தப்பான எண்ணத்தை மெதுவாகத் திருத்துவது, பாரத்தைப் பகிர ஒரு துணை. இன்றைக்கு ஒரு நல்ல மனநல மருத்துவரும் ஆலோசகரும் சேர்ந்து செய்வது பெரும்பாலும் இதைத்தான். மாத்திரை அந்தத் தூக்கத்தையும் பசியையும் திரும்பக் கொண்டுவருவதற்கு ஒரு உதவி. சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை போட்டுக்கொண்டுதான் உங்கள் ஜெபக்குழுவில் பாதிப் பேர் ஜெபிக்க வருவார்கள், அவர்களை யாரும் அவிசுவாசி என்று சொல்வதில்லை. பவுலோடு கடைசிவரை இருந்த லூக்காவை வேதம் "பிரியமான வைத்தியன்" என்றுதான் அழைக்கிறது.

"நீங்கள் ஒன்றுக்குங்கவலைப்படாமல்" என்ற பிலிப்பியர் 4:6 வசனத்தையும் உங்களிடம் சொல்லியிருப்பார்கள். நல்ல வசனம், எனக்கும் பிடித்தது, ஆனால் அதைத் தடியாக எடுத்து அடிக்கிறவர்களைப் பார்த்தால் மனசு கொதிக்கிறது. பவுல் அதைக் காவலில் இருந்து எழுதினார். அதே நிருபத்தில் இரண்டாம் அதிகாரத்தில், தன் உடன்வேலையாள் எப்பாப்பிரோதீத்து சாகக்கிடந்து பிழைத்ததைச் சொல்லி, அவனை அனுப்புவதால் தன் துக்கம் குறையும் என்று எழுதுகிறார். கொரிந்தியருக்கு எழுதும்போது, எல்லாச் சபைகளைக் குறித்த கவலை தன்னை நாள்தோறும் நெருக்குகிறது என்கிறார், ஆசியாவில் பிழைப்போம் என்ற நம்பிக்கையே அற்றுப்போகும் அளவுக்குப் பாரப்பட்டதாகவும் சொல்கிறார். கவலை என்றால் என்னவென்று தெரிந்த ஒருவர், அதை எங்கே கொண்டுபோய் வைக்கலாம் என்று காட்டுகிறார். கவலைப்படுகிறவர்களைக் குற்றவாளி ஆக்குகிற தொனி அந்தக் கடிதத்தில் எங்கேயும் இல்லை.

அப்புறம் சங்கீதங்கள். புலம்பல் சங்கீதங்கள் அந்தப் புத்தகத்தில் எவ்வளவு இடத்தைப் பிடித்திருக்கின்றன என்று வாசித்துப் பார்த்தால்தான் தெரியும். அதில் 88-ம் சங்கீதம் நம்பிக்கையான ஒரு திருப்பம்கூட இல்லாமல், அறிமுகமானவர்கள் எல்லாம் மறைந்துபோனார்கள் என்று இருட்டிலேயே முடிகிறது. அதையும் எடுத்து வேதத்துக்குள் வைத்திருக்கிறார்கள். பெரிய வெள்ளிக்கிழமை மூன்று மணி நேர ஆராதனையில், இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளில் நாலாவதாக, "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்" என்பதை வருஷா வருஷம் தியானிக்கிறோம், சபை முழுக்கக் கண்ணீர் விடும். அதே வார்த்தையை ஒரு பெண் ஜூலை மாதத்துச் செவ்வாய்க்கிழமை வீட்டு ஜெபத்தில் சொன்னால், "அப்படிச் சொல்லக் கூடாதும்மா, ஸ்தோத்திரம் சொல்லு" என்று வாயை அடைக்கிறோம். நம் பக்கத்துக் கிராமங்களில் துக்க வீட்டில் பெண்கள் கட்டிப்பிடித்து வாய்விட்டு அழ இடம் கொடுக்கிறார்கள், சபையில் உயிரோடு இருக்கிறவள் தன் வேதனையை அழ இடம் இல்லை என்றால் அது பெரிய குறை. உங்களுக்கு அழுகை வந்தால் தேவனிடமே அழுங்கள், கோபம் வந்தால் கோபப்படுங்கள். எரேமியாவும் யோபுவும் தாங்கள் பிறந்த நாளையே சபித்தவர்கள்.

இந்த நோய் விசுவாசிகளிடம் ஒரு தனி வேலை செய்யும், வேதபாஷையிலேயே பேசும். "தேவன் என்னைத் தள்ளிவிட்டார்", "மன்னிக்க முடியாத பாவம் செய்துவிட்டேன்", "என் பிள்ளைக்கு என் சாபம் வரும்" என்று உள்ளே ஒரு குரல் ஓடிக்கொண்டே இருக்கும். காரணமில்லாத குற்ற உணர்வு மனச்சோர்வின் முக்கியமான அறிகுறிகளில் ஒன்று, மருத்துவப் புத்தகத்தில் தூக்கமின்மைக்குப் பக்கத்தில் இருக்கிற ஒன்று. விசுவாசிக்கு அது பாவ உணர்த்துதல் மாதிரியே தெரிவதால் ஏமாந்துபோகிறோம். நான் பார்த்தவரை வித்தியாசம் இதுதான்: உண்மையான உணர்த்துதல் இன்ன தப்பு என்று சுட்டிக்காட்டும், அறிக்கையிட்டால் மனம் லேசாகும். நோயின் குரல் குறிப்பாக எதையும் சொல்லாது, எத்தனை தடவை அறிக்கையிட்டாலும் விடாது, நீயே ஒரு தப்பு என்று சொல்லிக்கொண்டிருக்கும். வருஷப் பிறப்பு ராத்திரி ஆராதனையில் எடுத்த வாக்குத்தத்த அட்டையில் சுகம் என்று இருந்தது, வருஷம் முடிந்தும் சுகம் வரவில்லை, அப்படியானால் குறை என்னிடம்தான் என்று நொந்துபோன ஒரு அம்மாவிடம் பேசியிருக்கிறேன். அந்த அட்டையில் இருந்தது சபைக்கு எல்லாம் உரிய வசனம், பன்னிரண்டு மாதக் கெடு அதில் எங்கேயும் எழுதியிருக்கவில்லை.

லண்டனில் ஸ்பர்ஜன் என்று ஒரு பிரசங்கியார், நம் சபை ஐயர்மார், அதாவது போதகர்கள், அடிக்கடி பேர் சொல்கிறவர். 1856 அக்டோபரில் அவர் பிரசங்கித்த அரங்கில் யாரோ "தீ" என்று பொய்யாகக் கத்த, நெரிசலில் ஏழு பேர் செத்துப்போனார்கள். அப்போது அவருக்கு 22 வயது. அந்த அதிர்ச்சியும் மனச்சோர்வும் வாழ்நாள் முழுக்க அவரைத் தொடர்ந்தது, அதை அவர் தன் சபையிலும் மாணவர்களிடமும் மறைக்காமல் பேசினார். ஆயிரக்கணக்கானவர்கள் கேட்ட பிரசங்கங்கள் எல்லாம் அந்த மனசில் இருந்து வந்தவைதான்.

பலம் எப்படி வரும் என்று கேட்டீர்கள். உணர்ச்சியாக வரும் என்று காத்திருக்காதீர்கள், மனச்சோர்வு முதலில் மழுங்கடிப்பது உணர்ச்சியைத்தான், பாட்டு, ஜெபம், பிள்ளையின் சிரிப்பு எதுவும் உள்ளே இறங்காது. இந்தக் காலத்துக்கு விசுவாசத்தின் அளவைச் சின்னதாக்கிக்கொள்ளுங்கள். ஒரு மணி நேர ஜெபம் முடியவில்லையா, ஒரு வரி போதும். "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்" என்று மனசில் சொல்லி மூச்சை மெதுவாக உள்ளே இழுங்கள், "நான் தாழ்ச்சியடையேன்" என்று இன்னும் மெதுவாக வெளியே விடுங்கள். வெளிமூச்சு நீளமாக இருந்தால் படபடப்பு இறங்க உதவும், உடம்பின் அமைப்பு அப்படி. பதற்றம் திடீரென்று உச்சத்துக்கு ஏறும்போது பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சத்தைத் தொட்டுவிட்டு இறங்க ஆரம்பிக்கும், அதுவரை அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு இருந்தால் போதும். வார்த்தையே வரவில்லை என்றால், ஆவியானவர் வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு நமக்காக வேண்டுதல் செய்கிறார் என்று ரோமர் 8:26 சொல்கிறதே, பெருமூச்சு விட்டாலே போதும் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

எழுதி வைத்த ஜெபங்களை, ஆராதனை முறைமையை, "வறட்டு ஜெபம்" என்று குறைவாகப் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். இந்த நோய்க்கு அதுதான் மிக உதவியானது என்பது என் அபிப்பிராயம். சொந்தமாக ஒரு வாக்கியம் அமைக்கக்கூடத் தெம்பில்லாத நாளில் பரமண்டல ஜெபமோ ஒரு சங்கீதமோ, கத்தோலிக்கர் என்றால் ஜெபமாலையோ, வார்த்தையைத் தயாராகக் கையில் தருகிறது. ஞாயிற்றுக்கிழமை ஒலிபெருக்கிச் சத்தம் தாங்கவில்லை என்றால் கதவுப் பக்கம் உட்காருங்கள், பாதியில் வெளியே வந்து மரத்தடியில் நின்றாலும் பரவாயில்லை. முழு இரவு ஜெபம் இப்போதைக்கு வேண்டவே வேண்டாம். தூக்கம் கெட்டால் உங்கள் நோய் கூடும், இருமுனைக் கோளாறு, அதாவது மனம் ஒரு சமயம் அளவுக்கு மீறி எழும்பி இன்னொரு சமயம் சோர்ந்துபோகிற நோய், இருப்பவர்களுக்கு ஒரே ஒரு இரவுத் தூக்கம் கெட்டாலும் மனநிலை தாறுமாறாக எழும்பிவிடலாம். உபவாசமும் டாக்டரைக் கேட்டுத்தான். அந்த இருமுனைக் கோளாறுக்குக் கொடுக்கிற லித்தியம் என்ற மருந்தை எடுப்பவர்கள் தண்ணீர் குடிக்காமல் உபவாசம் இருந்தால் ரத்தத்தில் மருந்தின் அளவு ஏறி உயிருக்கே ஆபத்து. உங்களுக்கு அந்த மருந்து இல்லை, ஆனால் பால் கொடுக்கிற தாய் நீங்கள், சாப்பிடத்தான் வேண்டும். லெந்து நாட்களில் வேறு ஏதாவது ஒன்றை விட்டுக்கொடுத்துக்கொள்ளலாம்.

தனியாகவும் தாங்காதீர்கள். கூரையைப் பிரித்து இறக்கப்பட்ட திமிர்வாதக்காரனின் கதையில், இயேசு "அவர்கள் விசுவாசத்தைக் கண்டு" என்றுதான் மாற்கு எழுதுகிறார், அந்த நாலு பேரின் விசுவாசத்தையும் சேர்த்து. படுத்திருந்தவன் வாய் திறந்து ஒரு வார்த்தை கேட்டதாகக்கூட இல்லை. உங்களுக்கு நாலு பேர் வேண்டாம், இரண்டு பேர் போதும். ஆனால் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். வாட்ஸ்ஆப் குழுவில் ஜெபக் குறிப்பாகப் போட்டால் சாயந்திரத்துக்குள் உங்கள் பள்ளிக்கூடம்வரை போய்விடும், அது நம் சபைகளில் இருக்கிற பெரிய வியாதி. காதில் விழுந்ததை வயிற்றுக்குள் வைத்துக்கொள்ளத் தெரிந்த ஒரு அக்காவையோ ஐயரம்மாவையோ பிடித்துக்கொள்ளுங்கள். அவர்கள் "என்ன செய்யட்டும்" என்று கேட்டால் கூச்சப்படாமல் சொல்லுங்கள்: புதன்கிழமை ஒரு மணி நேரம் குழந்தையைப் பார்த்துக்கொள்ளுங்கள், ஒரு வேளைக் குழம்பு கொடுத்துவிடுங்கள், ஆஸ்பத்திரிக்குக் கூட வாருங்கள். எலியாவுக்கு வந்த அடையும் தண்ணீரும் இப்போது இப்படித்தான் வரும்.

ஜெப வீடுகளைப் பற்றி ஒரு வார்த்தை. 2001 ஆகஸ்ட் 6-ம் தேதி ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், ஒரு தனியார் மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் இறந்துபோனார்கள். சொஸ்தம் கிடைக்கும் என்று நம்பிக் குடும்பங்கள் கொண்டுவந்து விட்டுப்போனவர்கள். அது வேறு மதத்து இடத்தை ஒட்டி நடந்தது என்று நாம் ஒதுங்கிக்கொள்ள முடியாது, மருந்தை நிறுத்தச் சொல்லி ஆட்களைத் தங்கவைக்கிற இடங்கள் நம்மிடமும் உண்டு. மருந்தை நிறுத்து என்று சொல்கிற இடம், கட்டிவைக்கிற, அடிக்கிற இடம், குடும்பத்தைப் பார்க்கவிடாத இடம், பணத்தைப் பேசிவிட்டு ஜெபிக்கிற இடம், எதுவாக இருந்தாலும் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள்.

உங்களிடம் அப்படிச் சொன்னவரிடம் சண்டை போடத் தேவையில்லை, உங்களுக்கு இப்போது அதற்குத் தெம்பும் இல்லை. "ஜெபம் பண்ணுங்கண்ணே, மாத்திரையும் நல்லா வேலை செய்யணும்னு சேர்த்து ஜெபிங்க" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். அவர் விடவில்லை என்றால் வீட்டுக்காரரைப் பேசச் சொல்லுங்கள், அதற்கும் கேட்கவில்லை என்றால் அந்தக் குழுவுக்குக் கொஞ்ச மாதம் போகாமல் இருங்கள், ஞாயிறு ஆராதனை போதும்.

அடுத்த தடவை டாக்டரிடம் போகும்போது வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு போங்கள், நீங்கள் சொல்ல மறந்ததை அவர் சொல்வார், நோயைப் பற்றி அவரும் தெரிந்துகொள்வார். தைராய்டு, ஹீமோகுளோபின், பி12 பார்த்தாயிற்றா என்று கேளுங்கள், பிரசவத்துக்குப் பிறகு தைராய்டு மாறுவது உண்டு, அதன் அறிகுறிகள் மனச்சோர்வு மாதிரியே இருக்கும். பால் கொடுப்பதை மறக்காமல் சொல்லுங்கள். மாத்திரையோடு பேச்சு சிகிச்சையும் கிடைக்குமா என்று கேளுங்கள், பயத்துக்கு அது நல்ல பலன் தரும். தனியார் செலவு தாங்கவில்லை என்றால் பெரியாஸ்பத்திரி மனநலப் பிரிவில் ஓ.பி. சீட்டு போட்டுப் பார்க்கலாம், மருந்தும் இலவசம், காலையிலேயே போய்விடுங்கள், பழைய சீட்டையும் மாத்திரை அட்டையையும் கையில் எடுத்துப் போங்கள். மதுரைவரை அலைய முடியாது என்றால், மாவட்ட மனநலத் திட்டத்தில் தாலுகா ஆஸ்பத்திரிகளுக்கு டாக்டர் வருகிற நாள் உண்டு, திருமங்கலம் அரசு ஆஸ்பத்திரியில் எந்தக் கிழமை என்று விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.